சூரியன் பக்கம் பேசியவர்

முதலில், "நீ சொல்றது கரெக்டு" என்பார். அதைக் கேட்டதுமே நாம் உஷாராகிவிட வேண்டும். டீ கிளாஸைக் கீழே வைப்பார். கைலியை அவிழ்த்து ஒருமுறை இறுக்கிக் கட்டுவார். "ஆனா ஒரே ஒரு டவுட்டு மாமு" என்று ஆரம்பிப்பார். ஒரு டவுட்டு என்றால் அவருக்கு மூன்று கேள்வி. மூன்றாவது கேள்வி முடிவதற்குள் எதிரே இருப்பவன் பீடியைத் தேடுகிற மாதிரி பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருப்பான். வடசென்னை எர்ணாவூரில் எங்கள் தெருவில் அவரிடம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. பல வருடம் முயன்று தோற்றவன் நான், அதனால் உறுதியாகச் சொல்லலாம்.

பெயர் வேண்டாம். தெருவிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஊருக்கு வடக்கே இருக்கும் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர் என்பதால் எல்லாருக்கும் பாய்லர் அண்ணன். அவர் மனைவி பாய்லர் அக்கா. குழந்தைகள் இல்லை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் ராயபுரத்தில், ஹார்பர் சரக்குகளுக்குக் கிளியரிங் பார்க்கும் ஓர் ஆபீஸில் கிளார்க். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமுவது கேட்கும். அது கேட்டால் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்தில் கொடியில் காய்ந்த துணியை உதறிவிட்டுத்தான் மடிப்போம். தண்ணீர்க் குடத்தை மூடியே வைப்போம். மாடியில் வடகம் காயவைத்தால் அதன் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்துவோம். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி திண்டிவனத்துக்காரி. வந்த புதிதில், "இது என்னங்க, தெனமும் மாடியில சாம்பல் கொட்டிக் கெடக்குது?" என்று கேட்டாள். ஒரு வருடத்தில் அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்கு எதிரே டீக்கடையில் கூடுவோம். பேச்சு கிரிக்கெட்டில் ஆரம்பித்தாலும் மீன் விலையில் ஆரம்பித்தாலும் கரண்டில்தான் வந்து நிற்கும். தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அதுதான். ஒருவன் நிலக்கரி இறக்குவான், ஒருவன் ரயில் வாகனுக்குக் கொக்கி மாட்டுவான், ஒருவன் சாம்பல் போகிற குழாய்க்கு வெல்டிங் வைப்பான். இவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு நிலக்கரியைத் திட்டுகிற ஒரே ஆள் நான். பேப்பர் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதுதான் வினை.

"காத்தாடில கரண்டு எடுக்கலாம், கரெக்டு. ஆனா ஒரே ஒரு டவுட்டு. காத்து நின்னுட்டா இன்னா பண்ணுவ? நீ போய் ஊதுவியா?" என்பார். தண்ணீரில் எடுக்கலாமே என்றால், "எடுக்கலாம் நைனா. மெட்ராஸ்ல குடிக்கிற தண்ணியே லாரில வருது. அதுல இன்னாத்த எடுப்ப?" என்பார். அணு உலை என்று யாராவது சொன்னால் பதிலே சொல்லாமல் சிலுவை போட்டுக்கொள்வார். கடை முழுக்கச் சிரிக்கும்.

ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் கோயில் கெபிக்கு, மாதா நிற்கும் கல்குகைக்கு, ஒரு சோலார் விளக்கு நட்டுக் கொடுத்தது. அந்த வட்டாரத்திலேயே முதல் சோலார் விளக்கு. நான் பெருமையாக அவரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார்.

"சூரியன் நல்லவன்தான். ஆனா அவன் டூட்டி முடிச்சி வூட்டுக்குப் போற நேரத்துக்கு நான் உள்ள ஏறுறேன். மழை வந்தா லீவு போட்டுடுறான், கேக்க ஆளில்ல. நான் லீவு போட்டா மெமோ குடுக்கிறான். இன்னா சொல்ற?"

என்ன சொல்வது? சிரித்துவிட்டேன். எனக்கு எதிராகப் பேசினாலும் சிரிப்பு வந்துவிடும், அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம்.

இன்னொரு முறை, பூமி சூடாகிறது, பனிமலை உருகிக் கடல் ஏறப்போகிறது, காரணம் நிலக்கரிப் புகை என்று பேப்பரில் வந்ததை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மே மாதம். முழுவதையும் உரக்கப் படித்துக்காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கரெக்டு. கடல் ஏறுது. நம்மாளுங்க வூட்ட நம்ம கண்ணு முன்னாடியே எடுத்துகினு போச்சே, நான் இல்லேன்னு சொல்லல. ஒரே ஒரு டவுட்டு. உன் தலைக்கு மேல கீற ஃபேன் இன்னாத்துல ஓடுது?"

"கரண்டுல."

"அந்த கரண்டு எங்கேர்ந்து வருது?"

நான் ஃபேனை அண்ணாந்து பார்த்தேன்.

"ஆஃப் பண்ண சொல்லட்டா?"

கடையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கட்டிங்கை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் திறமையை அவர் எங்கே வேண்டுமானாலும் எடுத்து வீசுவார். அக்காவைத் திருவொற்றியூரில் ஒரு டாக்டரிடம் காட்டப் போனபோது, எனக்கும் காய்ச்சல் என்று அதே ஆட்டோவில் போனேன். அந்த வருடம் அக்காவுக்கு இருமல் ரொம்ப முற்றியிருந்தது. வாடைக் காற்று அடிக்கிற மார்கழி, தை மாதங்களில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, "வீடு எங்கேம்மா? தூசி, புகை படுற இடமா?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நீங்க கேக்கறது கரெக்டு சார். ஒரே ஒரு டவுட்டு. நான் அதுக்குள்ளாரயே எட்டு மணி நேரம் நிக்கிறவன். எனக்கு ஒரு தும்மல் கூட கெடையாது. வூட்டுல குந்திகினு கீற இதுக்கு எப்டி சார் வரும்?"

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார், ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்காவே எனக்கு விளக்கம் சொன்னார். "அவுருக்கே ஒண்ணும் இல்லியேப்பா. எங்கம்மாக்கும் இப்டித்தான் இருமல் இருந்துச்சி. வம்சத்துல கீது."

அண்ணன் கெட்டவர் என்று யாராவது நினைத்தால் தப்பு. லாரித் தண்ணீருக்கு அக்காவை அனுப்பமாட்டார். ஷிப்டு முடிந்து வந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார். மிளகு தட்டிப்போட்டுப் பால் காய்ச்சிக் கொடுப்பார். முதுகில் தைலம் தேய்த்துவிடுவார். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி வந்தால் அதற்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும், அந்தப் பதில் எதிராளியை உட்காரவைக்க வேண்டும். அது உண்மையா என்பதெல்லாம் அப்புறம். அவர் பேச்சை எங்கள் தெருவில் ரொம்ப ரசித்தவர் யார் என்றால் அக்காதான். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முழுசாக நம்பினார். அக்காவிடம் நகை நட்டு அதிகம் கிடையாது. இந்த நம்பிக்கை இருந்தது.

எங்கள் கெபி மாதா திருவிழா பிப்ரவரியில் வரும். கொடியேற்றியதிலிருந்து தேர் வரைக்கும் தினம் ஒரு நிகழ்ச்சி. ஒரு நாள் பட்டிமன்றம். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதில் வருடா வருடம் அடிதடி வந்ததால் ஃபாதர் ஒரு வழி செய்துவைத்திருந்தார். இரண்டு தலைவர்கள். இரண்டு சீட்டு. காணிக்கைப் பைக்குள் போட்டு, கெபிக்கு முன்னால் நின்று, தலைவர்களில் வயதில் பெரியவர் கையை விட்டு எடுக்க வேண்டும். மாதா முன்னால் எடுத்த சீட்டை யாரும் மாற்றக் கேட்கக் கூடாது. கேட்டதும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், தலைப்பு நான் கொடுத்தது: "நாளைய உலகுக்கு ஏற்றது அனல் மின்சாரமா, சூரிய மின்சாரமா?" ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "சூரியன்னு போட்டா கட்சிக்காரங்க சண்டைக்கு வந்துடப் போறாங்க" என்றார். பிறகு சம்மதித்தார். ஓர் அணிக்கு நான், இன்னொரு அணிக்குப் பாய்லர் அண்ணன். சீட்டு எழுதும் பொறுப்பும் கோயில் சங்கச் செயலாளர் என்ற முறையில் என்னுடையது.

இரண்டு சீட்டிலும் "சூரியன்" என்று எழுதினேன்.

ஏன் என்றால், ஒரே ஒரு தடவை அவர் பதில் இல்லாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். வேறு காரணம் இல்லை. முப்பது வருடமாக நிலக்கரியின் உப்பைத் தின்றவர் சூரியனுக்கு என்ன பேசிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மிச்சச் சீட்டைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. காணிக்கைப் பையோடு அதை உள்ளே எடுத்துப் போய்க் கிழித்துப் போட்டேன். மாதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அண்ணன் சீட்டையே பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம், "பரவால்ல. எந்தப் பக்கம்னா இன்னா, பேசிட்டா போவுது" என்றார்.

பட்டிமன்றத்தன்று கோயில் திடலில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், பாயில், அக்கா. அனல் பக்கம் நான் முதலில் பேசினேன். அவரிடம் வருடக்கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். சூரியன் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற கதையைக்கூட விடவில்லை. கைதட்டல் வந்தது. கடைசியாக, அவர் டாக்டரிடம் சொன்னதையே எடுத்துவிட்டேன்: "இந்தப் புகை கெடுதல் என்றால் அதன் உள்ளேயே வேலை பார்க்கும் நம்ம அண்ணன் இப்படிக் கல் மாதிரி நிற்பாரா?" இன்னும் பலத்த கைதட்டல். உட்கார்ந்தேன்.

அவர் மைக்கைப் பிடித்தார். "தம்பி சொல்றது கரெக்டு" என்றார்.

"ஆனா ஒரே ஒரு டவுட்டு. நான் வேலை செய்றது கண்ட்ரோல் ரூம்ல. கதவு மூடிகீது. ஏசி ஓடுது. எனக்கு இன்னாத்துக்கு இருமல் வரும்? கரிய மில்லுல போட்டு அரைக்கிறோம். முகத்துக்குப் போடுற பவுடரவிட நைசு. அத எரிச்சி, மிச்சத்த சிம்னி வழியா மேல அனுப்புறோம். மேல போனது அங்கயே நிக்குமா? வாடைக் காத்துல எந்தப் பக்கம் எறங்கும்? நீயே சொல்லு. அடுப்பாண்ட நிக்கிறவன் இருமுறானான்னு பாக்காத. புகை போற பக்கம் யாரு குந்திகினு கீறாங்கன்னு பாரு."

அவருக்குச் சூடு ஏறிவிட்டது. எனக்கு அவரைத் தெரியும். ஜெயிக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் கையில் அகப்பட்டதை எல்லாம் எடுப்பார்.

"எங்க வூட்டுல தண்ணித் தொட்டி மூட மறந்தா காலைல மேல ஆடை படிஞ்சிகீது. எங்க வூட்டம்மா கேக்கும், இது இன்னான்னு. நான் இன்னா சொல்லுவேன்? கடலு உப்புன்னு சொல்லுவேன். அது உப்பு இல்ல. எனக்குத் தெரியும். இத்தினி வருஷமா தெரியும். அது நெஞ்சுக்குள்ள போச்சின்னா போனதுதான், எந்த சிரப்பு குடிச்சாலும் வெளிய வராது. சூரியன் லீவு போடட்டுமே! அவன் யார் நெஞ்சுலயும் போய் குந்திகறது இல்ல."

திடல் எழுந்து நின்று தட்டியது. நிலக்கரி இறக்குகிறவன், வெல்டிங் வைக்கிறவன் எல்லாரும் தட்டினார்கள். நடுவராக இருந்த ஃபாதர் சூரியன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல அக்கா இருக்கும் பக்கம் பார்த்தார். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடந்தோம். தெருமுனை வரைக்கும் அக்கா முன்னால் நடந்தார். அங்கே வந்ததும் நின்றார். நடந்ததால் மூச்சு வாங்கியது.

"அப்போ ஒனக்குத் தெரியும்."

"அது பட்டிமன்றம்மே. பேச்சுக்குப் பேசினது."

"பேச்சுக்குப் பேசினது சரி. பொய்யா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"நீ கேக்கறது கரெக்டு..." என்று ஆரம்பித்தார். மேலே ஒன்றும் வரவில்லை. நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். பார்த்தேன். சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு.

தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அக்கா ஒரு கைப்பையோடு பெரம்பூருக்குப் பஸ் ஏறினார். அங்கே அவர் தங்கச்சி வீடு. தங்கச்சி கணவருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஒரே சுவர், நடந்திருந்தால் கேட்டிருக்கும். அண்ணன் டீக்கடைக்கு வருவதை நிறுத்தினார். ஜன்னலுக்கு நைலான் வலை அடித்தார். தண்ணீர்த் தொட்டிக்குத் தகர மூடி செய்து போட்டார். வீட்டை ஈரத்துணியால் தினமும் துடைத்தார். சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரியே இருக்காது.

தவக்காலம் பாதி போன பிறகு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். ஒரு பேப்பரை நீட்டினார்.

"நீ போய் பேசு நைனா. நான் போனா காப்பி குடுக்குது, சோறு போடுது, பதில் பேச மாட்டுது. பாயிண்டு எல்லாம் இதுல எழுதிகீது. ஒண்ணொண்ணா சொல்லு."

வலை, மூடி, ரிட்டயராக இன்னும் சில வருடம்தான், அதற்கப்புறம் வேறு இடம் பார்த்துப் போய்விடலாம் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் நல்ல பாயிண்டு.

பெரம்பூர் ஒன்றும் கொடைக்கானல் இல்லை. அங்கேயும் புகைதான், லாரிதான். இருந்தாலும் நான் போனபோது அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாடி அவரே ஏறியிருந்தார். காய்ந்த வெள்ளை வேட்டியைக் கொடியிலிருந்து உருவி, அப்படியே மடித்தார். உதறவில்லை. நான் எல்லாப் பாயிண்டையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவுரு எழுதிக் குடுத்ததா?"

"ஆமாக்கா."

சிரித்தார். சிரித்தால் இருமல் வந்து பாதியில் நிற்கிற சிரிப்பைத்தான் எனக்குத் தெரியும். இது முழுசாக வந்தது. அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன், இரண்டிலும் நானே எழுதியதை.

"அதுக்கு இன்னா இப்போ" என்றார். அடுத்த துணியை எடுத்தார். "எனக்கு அவுரு மேல கோவம் எல்லாம் இல்லப்பா. வந்துச்சி, போய்டுச்சி. இப்போ ஒண்ணுமே இல்ல. காலைல எந்திரிக்கிறேன், மூச்சு வுடுறேன், நல்லா கீது. நீ படிச்சவன், நீ சொல்லு. நான் அங்க வரணுமா?"

அவர் கேட்டது மூன்று கேள்விகூட இல்லை, ஒன்றுதான். நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு காபி குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா வரவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

"இருமுதா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எப்படியாவது பேசி அழைத்து வந்திருப்பார்.

"இல்லண்ணா" என்றேன்.

"ராத்திரில?"

"தங்கச்சியக் கேட்டேன். இல்லியாம்."

துடைத்த துணியை நாலாக மடித்து சைக்கிள் சீட்டுக்கு அடியில் செருகினார்.

"அப்போ அங்கயே இருக்கட்டும்" என்றார். "ஞாயித்துக்கெழம நான் போய் பாத்துக்கறேன். தலைக்குக் குளிச்சிட்டு, சாம்பல் படாம சட்டைய பைல வெச்சி எடுத்துகினு போய் அங்க கீழயே மாத்திகினு, அப்பால மேல ஏறுறேன்."

அன்றைக்கு அவருக்கு மத்தியான ஷிப்டு. சைக்கிளில் ஏறிப் போனார்.